ஓரியண்டல் லில்லி எந்த நாட்டுப் பூ? என்னென்ன வகைகள்? இலங்கையில் வளருமா?

யப்பான். சுருக்கமான பதில் அதுதான். ஆனால் இப்படிக் கேட்பவர் அனேகமாகப் படத்தைப் பார்த்துக் கிழங்கு வாங்கியிருப்பார், இல்லையென்றால் வாங்கப் போகிறார். அதனால் விரிவாகவே சொல்கிறேன். நான் தாவரவியல் படித்தவள் இல்லை. திருகோணமலையில் கலியாணங்களுக்கும் கோயில் பீடங்களுக்கும் பூ அலங்காரம் செய்பவள். படித்தவர்கள் திருத்தினால் சந்தோசம். "எல்லாம் லில்லிதானே" என்று மட்டும் யாரும் கீழே எழுத வேண்டாம்.

இன்று ஓரியண்டல் என்று விற்பவை எல்லாமே காட்டுச்செடிகளைக் கலந்து மனிதர் உண்டாக்கியவை. தாய்ச்செடிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று லிலியம் ஓராட்டம்: ஹொன்சு தீவின் மலைப்பக்கத்துச் செடி, வெள்ளை இதழின் நடுவே மஞ்சள் கோடு, நல்ல மணம். மற்றது லிலியம் ஸ்பெசியோசம்: தெற்கே கியூசு, சிகொக்கு தீவுகளில் வளர்வது, பின்னால் வளைந்த இதழில் சிவப்புப் புள்ளிகள். ஸ்பெசியோசத்தை 1830 அளவில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர் சீபோல்ட் என்ற ஜெர்மன் வைத்தியர். நாகசாகியில் ஒல்லாந்தரின் வணிக நிலையத்தில் இருந்தவர். நம்மூர்க் கோட்டையைப் பிடித்து வைத்திருந்த அதே ஒல்லாந்தர்தான். இன்றும் லில்லிக் கிழங்கு வியாபாரத்தில் அவர்கள்தான் முன்னுக்கு நிற்கிறார்கள். ஓராட்டம் 1862இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அப்புறம் பிரான்சிஸ் பார்க்மன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், பாஸ்டன் பக்கம் தன் தோட்டத்தில் இரண்டையும் கலந்து புதுச்செடி எடுத்தார்.

வகைகள் நிறைய. ஸ்டார்கேசர்தான் பெயர் போனது. பழைய ஓரியண்டல்கள் தலை குனிந்தோ பக்கம் பார்த்தோ பூக்கும். 1970களில் கலிபோர்னியாவில் லெஸ்லி வுட்ரிஃப் உருவாக்கிய இந்தச் சிவப்புப் பூ மேலே பார்த்து விரிந்தது; பூச்செண்டு கட்டுகிறவர்களுக்கு அது பெரிய வரம். காசா பிளாங்கா தூய வெள்ளை, சைபீரியாவும் வெள்ளை, சோர்போன் இளஞ்சிவப்பு.

ஒரு கலியாணம். பொம்பிளை கனடாவிலிருந்து வந்த பிள்ளை, பூசை நேரம் கோயில் முழுக்கக் காசா பிளாங்கா மணக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது. கொழும்பில் ஒரு மொத்த வியாபாரியிடம் முழுக்காசும் கட்டினேன். இரவு பஸ்ஸில் வந்த பெட்டியைத் திறந்தால் எல்லாம் மூடிய மொட்டு, ஆனால் தண்டு முழுக்க ஒடுக்கமான இலை நெருக்கமாக இருந்தது. ஓரியண்டலின் இலை அகலமாக, இடைவெளி விட்டு இருக்கும். வந்தது ஏசியாட்டிக் என்ற வேறு லில்லி வகை, அதில் மணமே கிடையாது. போன் எடுத்தால், "லில்லி எண்டா லில்லிதானே அக்கா, ஆர் மணந்து பார்க்கப் போகினம்?" என்கிறார். அந்தப் பிள்ளை மணத்துக்காகவே கேட்டது! பெண்ணின் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன், லில்லிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன், பீடத்தடியில் மல்லிகைச் சரத்தை அள்ளிப் போட்டு மணத்துக்கு வழி செய்தேன். வியாபாரி இன்றுவரை ஒரு சதம் தரவில்லை. பேசாமல் கட்டிவிட்டுப் போயிருக்கலாமே என்று சொல்பவர்கள் இருப்பார்கள். என்னால் முடியாது. மணத்துக்கென்று காசு வாங்கினால் மணம் கொடுக்க வேண்டும்.

சொல்லும்போதே இன்னொன்றும் வருகிறது. படம் எடுப்பவர் கேட்ட காசை மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுக்கும் வீட்டார், விடியப்புறம் எழும்பிப் பூக்கட்டுகிறவளிடம் மட்டும் ஏன் பேரம் பேசுகிறார்கள்? அந்தப் படத்தில் தெரிவதும் நாங்கள் கட்டிய பூதானே.

சரி, வளருமா? இந்த இனத்தில் நமக்குக் கிட்ட இருக்கும் காட்டு லில்லியே நீலகிரிப் பக்கத்து மலைகளில்தான் இருக்கிறது. அது ஓரியண்டல் வகையில் சேர்ந்ததும் இல்லை. திருகோணமலையில் மே, யூன் மாத இரவுகளே புழுக்கம். கடைக்கிழங்கு குளிரூட்டியில் இருந்து வருவதால் முதல் தடவை பூத்துவிடும். "வருசா வருசம் பூக்கும்" என்று விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். மறுபடி பூக்க, 2 முதல் 5 பாகைக் குளிரில் ஆறு முதல் எட்டு வாரமாவது இருக்க வேண்டும். பிரிட்ஜில் வைப்பதென்றால் ஈரத் தும்புத்தூளில் பொதிந்து, பழங்களுக்குத் தள்ளி வையுங்கள். பழத்திலிருந்து வரும் வாயு உள்ளிருக்கும் முளையைக் கெடுக்கும். அப்படி வைத்தும் நம்மூர் வெக்கையில் கிழங்கு வருசத்துக்கு வருசம் சிறுத்துக்கொண்டே போகும். நுவரெலியாவில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே நடக் கொடுங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் வாங்கவே வேண்டாம். இலை, பூ, மகரந்தத்தூள், சாடியில் இருக்கும் தண்ணீர், எது வாயில் பட்டாலும் பூனையின் சிறுநீரகம் பழுதாகிவிடும்.