காய்ச்சலில் ஃபிட்ஸ் வந்தால் காக்காய் வலிப்பா?

கேள்வி: நாங்கள் பென்னாகரம் பக்கம். இரண்டு வயதுப் பையனுக்குக் காய்ச்சல் ஏறிய அன்றே கை கால் இழுத்து, கண் மேலே செருகி, இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. மாமியார் கையில் சாவியைத் திணித்தார். இது காக்காய் வலிப்பு, ஆயுசுக்கும் மாத்திரை என்கிறார்கள். ஸ்கேன் எடுக்கணுமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காய்ச்சல் வலிப்புதான். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நூறு பிள்ளைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது, வெளியே சொல்லப் பயந்து மறைப்பதால்தான் நம் வீட்டில் மட்டும் வந்த மாதிரி தோன்றுகிறது. காக்காய் வலிப்பு என்றால், காய்ச்சல் மாதிரி காரணம் இல்லாமல், ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இப்படிச் சீக்கிரம் நின்றுவிடும் காய்ச்சல் வலிப்பு வந்தவர்களில் பின்னாளில் அப்படி ஆகிறவர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். அவர்களிலும் பலருக்கு, இரண்டு வருடம் வலிப்பே வராமல் இருந்தால் டாக்டரே மாத்திரையைக் குறைத்து நிறுத்திவிடுவார்.

ஆனால் மூன்றில் ஒரு பிள்ளைக்குப் பின்னால் வரும் ஏதாவது ஒரு காய்ச்சலிலும் வரும். பாராசிட்டமால் உடம்பு வலியைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது, அதனால் மருந்து தராமல் விட்டதால்தான் வந்தது என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

சாவி விஷயம்: வலிப்பு தானாகவே நிற்கிறது, பெயர் சாவிக்குப் போகிறது! மாமியாரிடம் சண்டை வேண்டாம், வாயில் மட்டும் ஸ்பூனோ விரலோ தண்ணீரோ வைக்க விடாதீர்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள், யாராவது செல்போனில் வீடியோ எடுக்கட்டும், டாக்டருக்கு அதுதான் பெரிய உதவி. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. ஒரே நாளில் மறுபடி வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, அப்புறமும் பிள்ளை தெளியாமல் கிடந்தாலோ தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.

இந்த ஒரு தடவைக்கு ஸ்கேனும், மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யும் பொதுவாகத் தேவையில்லை. முதல் தடவை என்பதால், மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதிசெய்ய, இன்னும் காட்டவில்லை என்றால் இன்றே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளிக்கூடம் போகிற வயதில் காய்ச்சலே இல்லாமல் வந்தால் கதை வேறு. நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பு வருவது நம் நாட்டில் அடிக்கடி பார்ப்பது, அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டும்.