எழுதுவது நான், லேத் ஓட்டுவது அவர்கள்

அன்புள்ள மேடம்,

ஒரு சிறிய தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் 58 பேர். பெண்கள் நாலே பேர். முதல் பெஞ்ச் எங்களுக்கென்று ஒதுக்கியாயிற்று. வியாழக்கிழமை லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்) லேப்பில் ஐந்து பேருக்கு ஒரு மெஷின். "உனக்குக் கையெழுத்து நல்லா இருக்கு, நீ அப்சர்வேஷன் எழுதும்மா" என்று பையன்கள் நோட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். மினி புராஜெக்ட் பேச்செல்லாம் ராத்திரி ஏழு மணிக்கு மேல் டீக்கடையில். எங்கள் ஹாஸ்டல் கேட்டை ஆறரைக்கே பூட்டிவிடுவார்கள். ஒரு பையனோடு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பேசினால் "கமிட்டட்", அதாவது காதல், என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டுகிறார்கள். ரூம்மேட் மூவரும் கம்ப்யூட்டர் சயின்ஸ். அவர்கள் பேச்சிலும் ஒட்ட முடியவில்லை. எனக்குத்தான் பழகத் தெரியவில்லையா? பிராஞ்ச் மாறிவிடலாமா?

– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

அன்புள்ள மாணவிக்கு,

58 பேரில் நாலு என்பது ஏழு சதவீதம்கூட இல்லை. ஒரு குழுவில் ஒரு சாரார் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் என்ன ஆகும் என்று சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் காண்டர் 1977-லேயே விளக்கியிருக்கிறார். அவர்கள் என்ன செய்தாலும் பளிச்சென்று தெரியும். ஒருத்தி செய்தது மொத்தப் பெண்கள் கணக்கில் ஏறும். ஏதாவது ஒரு வழக்கமான வேடத்துக்குள் தள்ளப்படுவார்கள். உங்களுக்கு விழுந்த வேடம் 'கையெழுத்து நல்லா இருக்கிற பொண்ணு'. பழகத் தெரியாத குறை இல்லை இது, எண்ணிக்கை செய்கிற வேலை. ஐஐடிகளே 2018-இல் பெண்களுக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கி, 2020-க்குள் 20 சதவீதத்தை எட்ட இலக்கு வைத்தன. உங்கள் வகுப்பின் எண்ணிக்கையை நீங்கள் மாற்ற முடியாது. ஏற்பாட்டை மாற்றலாம்.

லேப்பிலிருந்து தொடங்குங்கள். செய்முறைத் தேர்வில் நோட்டு எழுதியவருக்கும் தனி ஜாப்தான் (கடைந்து முடிக்க வேண்டிய துண்டு) வரும். அன்றைக்கு இரும்பு ராடைச் சக்கில் (அதைப் பிடித்துச் சுழற்றும் பாகம்) மாட்ட வேறு ஆள் கிடையாது. லேப் நடுவே எல்லார் முன்னாலும் கேட்டால் சிரித்துக் கடத்திவிடுவார்கள். முந்தின நாளே இன்ஸ்ட்ரக்டரிடம் போய், "ஆபரேஷனுக்கு ஒருவர் மெஷினில், ஒருவர் அளக்க வெர்னியரில், ஒருவர் நோட்டில், ரோல் நம்பர் வரிசையில் மாறட்டும் சார்" என்று கேளுங்கள். ஃபேசிங் (முனையைச் சமன் செய்வது) ஒருவர், ஸ்டெப் டர்னிங் (படிபடியாக விட்டம் குறைப்பது) அடுத்தவர், டேப்பர் (சரிவாகக் கடைவது) இன்னொருவர். உங்களுக்கென்று தனிச் சலுகை கேட்டால் அதுவே அடுத்த கிண்டல். ஐந்து பேருக்கும் பொது விதியாகக் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள்.

"துப்பட்டா மெஷினில் சிக்கிடும்மா" என்று யாராவது தடுத்தால், அது நியாயமான பயம், ஆனால் ஒதுக்கக் காரணமல்ல. ஓவர்கோட், ஷூ, தொப்பிக்குள் செருகிய கொண்டை. துப்பட்டா, வளையல், கையுறை எதுவும் கூடாது. முதல் ஜாப்பில் இரண்டு தவறு சகஜம். டூலின் (வெட்டும் கருவி) முனை சுழலும் துண்டின் சென்டர் உயரத்துக்குக் கீழே இருந்தால் ஃபேசிங் முடிந்தும் நடுவில் சின்ன மொட்டு நிற்கும். பல மெஷின்களில் கிராஸ் ஸ்லைடு (டூலைத் துண்டை நோக்கி நகர்த்தும் பாகம்) டயலில் 0.5 மி.மீ. நகர்த்தினால் விட்டம் 1 மி.மீ. குறையும், இதை மறந்தால் ஜாப் அண்டர்சைஸ், அதாவது தேவையான அளவைவிடச் சிறிது. பையன்களும் இதே தவறைச் செய்கிறார்கள், யாரும் நினைவில் வைப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

டீக்கடையை அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டாம். வாரம் இரண்டு நாள் 4.30 முதல் 5.30 வரை லைப்ரரியில் புராஜெக்ட் கூட்டம் என்று முதல் வாரமே முடிவு செய்து, டீக்கடையில் எடுத்த முடிவு மறுநாள் புராஜெக்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரியாக வந்தால்தான் செல்லும் என்று வையுங்கள். இருட்டிய பிறகும் வேலை இருந்தால் இடம், நேரம், பொறுப்பாசிரியர் பெயருடன் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தை வார்டனிடம் கொடுங்கள். வாய்ச்சொல் அங்கே எடுபடாது.

"கமிட்டட்" கிண்டலுக்குக் குரூப்பில் விளக்கம் எழுதாதீர்கள்; விளக்கம்தான் அதற்குத் தீனி. ஒருவரோடு மட்டும் பேசாமல் மூன்று நான்கு பேராகப் பேசுவது முதல் மாதம் உதவும். நீங்கள் நால்வரும் எப்போதும் ஒரே தீவாக உட்காராமல், ஆசிரியர் அனுமதித்தால் இரண்டிரண்டாகப் பிரியுங்கள். பேச்சு ஆபாசமானால் தேதி தெரிகிற ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மூன்று மாதத்துக்குள் கல்லூரியின் உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். 2015-ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும். 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும்.

ரூம்மேட்களிடம் ஒட்டாதது பெரிய விஷயமில்லை. உங்கள் துறையின் மூன்றாம், நான்காம் ஆண்டு அக்காக்கள், முக்கியமாக டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள், பட்டறை பழகினவர்கள். வாரம் ஒருமுறை அவர்களோடு சாப்பிடுங்கள்.

தூக்கம், சாப்பாடு இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ இதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.

பிராஞ்ச் மாறும் முடிவை இந்த செமஸ்டரின் செய்முறைத் தேர்வு முடியும்வரை எடுக்காதீர்கள். இப்போது வெறுப்பது மெக்கானிக்கலையா, அந்த நோட்டையா என்று உங்களுக்கே தெரியாது. லேப் வியாழக்கிழமை என்றால், இன்ஸ்ட்ரக்டரைப் பார்க்க வேண்டியது புதன் மாலை.