பாலைவனம் யாருக்கும் பயன்படாத இடமா?

கேள்வி: சூரிய மின்சாரத்தை ஆதரித்து எழுதும் நீங்கள், மேற்கு ராஜஸ்தானில் சூரிய மின் பூங்காக்களை எதிர்க்கும் கிராமத்தாருக்காகவும் பரிந்து எழுதுவது முரண்பாடு இல்லையா? யாருக்கும் பயன்படாத பாலைவனத்தில் தகடுகளைப் பதித்தால் என்ன கெட்டுவிடும்?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: 'யாருக்கும் பயன்படாத' என்று எழுதியிருக்கிறீர்கள்; தவறு அங்கேதான் தொடங்குகிறது. வருவாய்த் துறையின் ஏடுகளில் 'தரிசு' என்று பதிவாகியிருக்கும் அந்த நிலங்களில் கணிசமானவை, ஊர்த் தெய்வத்தின் பெயரால் பல தலைமுறைகளாகக் காக்கப்பட்டுவரும் 'ஓரண்'கள். நம்மூர்க் கோயில்காடுகளைப் போல அங்கே எவரும் மரம் வெட்டுவதில்லை. ஆடும் மாடும் ஒட்டகமும் மேய்வதும், மழைநீர் தேங்குவதும் அங்கேதான். ஒரு மெகாவாட்டுக்கு நான்கு முதல் ஆறு ஏக்கர் வரை வேண்டும். 2,245 மெகாவாட் திறனுள்ள பட்லா பூங்கா சுமார் 14,000 ஏக்கரில் பரந்திருக்கிறது. அத்தனை நிலத்துக்கு வேலி போடும்போது, பட்டா இல்லாத மேய்ப்பருக்கு இழப்பீடு கேட்கக்கூட வழியில்லாமல் போகிறது.

பூங்காக்களுக்காக வெட்டப்படுகிற 'கேஜ்ரி', விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக வணங்கப்படும் நம் வன்னி மரமேதான். வறட்சியில் அதன் தழை கால்நடைக்குத் தீவனம், காய் மனிதருக்குக் கறி. 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில், இந்த மரங்களை வெட்ட வந்த அரசரின் ஆட்களைத் தடுத்து, அம்ரிதா தேவி முதலாகப் பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர் உயிர் கொடுத்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களிடம் போய் 'இது வெறும் தரிசு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கானமயிலின் நிலை இன்னும் துயரமானது. இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ள அந்தக் கனத்த பறவைக்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது என்பதால், பூங்காக்களிலிருந்து மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பிகளில் மோதி இறக்கிறது. கம்பிகளை நிலத்தடியில் புதைக்க வேண்டும் என்று 2021இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், அது எல்லா இடத்திலும் சாத்தியமில்லை என்ற அரசின் வாதத்தைக் கேட்டு 2024இல் அதைத் தளர்த்தி, நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. பூங்காவுக்கு இடம் குறிக்கும் முன்பே பறவையின் வாழிடத்தைக் கணக்கில் எடுத்திருந்தால் இந்த வழக்கே எழுந்திருக்காது.

இதையெல்லாம் சொல்வதால் சூரிய மின்சாரம் வேண்டாம் என்று பொருளில்லை. நாட்டின் மின்சாரத்தில் முக்கால் பங்குக்கு அருகில் இன்றும் நிலக்கரியிலிருந்து வருகிறது. அதைக் குறைத்தே ஆக வேண்டும். 2024இல் அறிவிக்கப்பட்ட, ஒரு கோடி வீடுகளின் கூரையில் தகடு பதிக்கும் திட்டத்தையும், மத்தியப் பிரதேசத்தின் ஓங்காரேஸ்வர் நீர்த்தேக்கத்தில் தகடுகளை மிதக்கவிட்டிருப்பதையும் நான் மனமார வரவேற்கிறேன். கூரைகள் மட்டும் போதா. பெரிய பூங்காக்களும் தேவைப்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே ஓரண்களை வருவாய் ஏடுகளில் ஓரண்களாகவே பதிவுசெய்து, அவற்றை நீக்கிய பிறகு எஞ்சும் நிலத்தில்தான் பூங்காவுக்கு இடம் தேட வேண்டும். கிராமத்தார் கேட்பதும் இதுதான். இதில் முரண்பாடு எதையும் நான் காணவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். இந்தத் தகடுகளின் ஆயுள் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள். எடையில் பெரும்பகுதி கண்ணாடி. கூடவே அலுமினியம், சிலிக்கன், சிறிது வெள்ளி, பற்றவைப்பில் ஈயம். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், 2034-35 வரை சேரும் தகட்டுக் கழிவைச் சேமித்து வைக்கும்படிதான் உற்பத்தியாளர்களிடம் சொல்கின்றன. ஆகவே பூங்காவைக் கழற்றி நிலத்தை ஒப்படைப்பதற்கான தொகையை, ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே நிறுவனத்திடம் வைப்புத்தொகையாக வாங்கிவிட வேண்டும். இல்லையேல் அந்தக் குப்பையும் ஆடு மேய்ந்த அதே மணலில்தான் வந்து குவியும்.