மாலி ஆக்கள் ஏன் பிரான்ஸ் மேல இவ்வளவு கோவம்?

தம்பி, குசினியில கூட நிக்கிற, மேற்கு ஆபிரிக்காவில இருக்கிற மாலி நாட்டுக்காரர் பிரான்ஸ் ஆமி எண்டாலே கொதிக்கினம், இங்க பிரான்ஸுக்கு வந்து உழைச்சுக்கொண்டு ஏன் இப்பிடி எண்டு கேட்டிருந்தீங்கள். பதினெட்டு வருசம் அவையோட நிண்டு வேலை செய்தனான், எனக்கு விளங்கினதைச் சொல்லுறன்.

2013 ஜனவரியில, வடக்கு மாலியைப் பிடிச்ச ஜிகாதிகள் தெற்கால இறங்கத் தொடங்க, மாலி அரசாங்கமே கேட்டுத்தான் பிரான்ஸ் ஆமி போனது. அடுத்த மாசம் அப்ப பிரான்ஸ் ஜனாதிபதியா இருந்த ஒல்லாந்த் வடக்கு மாலியில இருக்கிற திம்புக்துவுக்குப் போக சனம் கொடி ஆட்டி ஒட்டகக் குட்டியும் பரிசாக் குடுத்தது, என்னோட நிண்ட மாலி அண்ணர் அந்தப் படத்தைப் போனில ஒவ்வொருத்தருக்காக் காட்டிக்கொண்டு திரிஞ்சவர். அதே மனுசன் 2022 ஆகஸ்டில கடைசி பிரெஞ்சு ஆமிக்காரரும் மாலியின்ர காவோ நகரத்தை விட்டு வெளிக்கிட்டாச்சு எண்ட நியூஸ் வர, போய்த் துலையட்டும் எண்டார். 87ல யாழ்ப்பாணத்தில இந்தியன் ஆமிக்குச் சனம் மாலை போட்டதையும் பிறகு நடந்ததையும் பாத்த எனக்கு அது புதுசா இருக்கேல்ல.

ஒன்பது வருசத்தில சண்டை குறையாமல் நடு மாலி, பக்கத்து நாடுகளான புர்கினா, நைஜர் எண்டு பரவிச்சுது. சாஹெலில, அதாவது சகாரா பாலைவனத்துக்குத் தெற்கால இருக்கிற இந்தப் பக்கத்தில, 58 பிரெஞ்சு ஆமிக்காரரும் செத்தவை, அதையும் மறக்கக் கூடாது. ஆனா 2011ல லிபியாவை ஆண்ட கடாபியை விழுத்த முன்னுக்கு நிண்டது பிரான்ஸ், லிபியாவில கிடந்த ஆயுதங்கள் பாலைவனத்தால மாலிக்கு வந்தது, நெருப்பு வைச்சவனே அணைக்க வந்தான் எண்டு அவை சொல்லேக்க என்னால பிழை எண்டு சொல்ல ஏலாது.

மற்றது காசு. அந்த மாலி அண்ணர் ஊருக்குக் காசு கட்டின துண்டைப் பாத்தனான், ஒரு யூரோவுக்கு 655.957 சேஃபா பிராங் (மாலியிலயும் பக்கத்து நாடுகள் சிலதிலயும் புழங்கிற காசு), கூடாது குறையாது. எங்கட ரூபா மாதிரி ஆட்டமில்லை, நல்லது தானே எண்டு கேட்டன். 1994 ஜனவரியில ஒரே நாளில பெறுமதியைப் பாதியாக்கினவை, தன்ர அப்பா சேத்த காசுக்கு வெளிநாட்டு மருந்து பாதிதான் வாங்க ஏலுமா இருந்தது எண்டார். 1945ல, பிரான்ஸின்ர காலனி காலத்தில வந்த காசு அது.

பிறகு புர்கினா, நைஜர், சாட், 2025 ஜூலையில செனகல் எண்டு பிரான்ஸ் ஆமி ஒவ்வொரு இடமா வெளிக்கிட்டுட்டுது. பிரான்ஸுக்குப் பதிலா ரஷ்யாக்காரர் வந்தும் மாலியில சாவு நிக்கேல்ல.

நீங்கள் அவையோட அரசியல் கதைக்க முதல் ஊர் எது, வீட்டில சுகமோ எண்டு கேளுங்கோ. இங்க கனபேர் மேற்கு மாலியில இருக்கிற காய் (Kayes) எண்ட ஊர்ப் பக்கத்து ஆக்கள், 2025 ஜூலையில அங்கயும் ஜிகாதிகள் அடிச்சவங்கள்.