சக்கர நாற்காலிக்கும் அளவெடுக்க வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்குச் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை படுக்கையில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், அவர்களுக்கு உதவ நினைப்பவர்கள் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

அடுத்த மாதம் என் கணவருக்குச் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்). விருந்துச் செலவைக் குறைத்துக்கொண்டு, மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றுக்குப் பத்து சக்கர நாற்காலி கொடுக்க நினைக்கிறோம். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகி, காரைக்குடி

பத்து என்ற எண்ணை முதலில் தள்ளி வையுங்கள். இல்லத்துக்கு ஒரு நடை போய், யார் யாருக்கு நாற்காலி தேவை, இருக்கும் நாற்காலிகள் ஏன் மூலையில் கிடக்கின்றன என்று கேளுங்கள். பெரும்பாலும் மூலையில் சில கிடக்கும். அவையும் யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்தில் வந்தவையாகத்தான் இருக்கும்.

கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 18 அங்குல அகல இருக்கை. இடுப்பின் அகலம் 11 அங்குலமே உள்ள பிள்ளையை அதில் உட்காரவைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காரும். மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் முதுகுத்தண்டும் கோணிப்போகும். எனவே மூன்று அளவு எடுங்கள். முதலாவது, உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம். இருக்கை அதே அகலம் இருக்க வேண்டும், பக்கத்துக்கு ஒரு விரல் நுழைந்தால் போதும். இரண்டாவது, பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை. அதில் 3 முதல் 6 செ.மீ. கழித்தால் இருக்கையின் ஆழம் வரும். கழிக்காமல் விட்டால் இருக்கையின் விளிம்பு கால் மடிப்பில் அழுத்தும், ஆள் தானாகவே முன்னால் சரிந்துவிடுவார். மூன்றாவது, முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை. கால்பலகையின் உயரத்தை இதை வைத்து வைக்க வேண்டும். கால் தொங்கினாலும் சரிவுதான், முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் பாரம் முழுவதும் பிட்டத்தில் இறங்கும்.

மெத்தை இல்லாத நாற்காலியைக் கொடுக்காதீர்கள். முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே வலி தெரியாது. ரெக்சின் துணி தொய்ந்த இருக்கையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் புண் வந்த பிறகுதான் தெரியவரும். ஃபோம் மெத்தை நாளாக ஆக அமுங்கிப்போகும், அதை மாற்றப் பணம் வேண்டும். முன் சக்கரத்தின் பேரிங் துருப்பிடிக்கும், பிரேக் தளரும். அதைப் பழுது பார்க்க ஆளும் வேண்டும், உதிரியும் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக நாற்காலி, மூன்று சக்கர வண்டி, காலுக்குத் தாங்கலாகப் பொருத்தும் காலிப்பர் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. மத்திய அரசின் உபகரணத் திட்டத்தில் ஒரு முறை வாங்கினால் அடுத்த மூன்று ஆண்டுக்குக் கேட்க முடியாது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது ஓராண்டுதான். அரசு தருவதையே நீங்களும் தருவதைவிட, அது தராததைக் கொடுப்பது மேல். இரவுப் பணிப்பெண்ணின் ஓராண்டுச் சம்பளம், பெரியவர்களுக்கான டயாப்பர், பயிற்சிக்குப் போய்வர வேன் டீசல் என்று எத்தனையோ இருக்கின்றன. இவை மேடையில் வைத்துப் படம் எடுக்கத் தோதானவை அல்ல என்பது எங்களுக்கும் தெரியும். பத்து நாற்காலிக்கு ஒதுக்கிய பணத்தில் அளவெடுத்த மூன்று நாற்காலி, மெத்தை, மீதிக்கு இந்தச் செலவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதமாகப் படுக்கை. நடுவில் முற்றம் உள்ள பழைய வளவு வீடு. வாசலில் மூன்றரை அடி உயரத்துக்குப் படி. சாய்தளம் கட்டலாமா? முதுகில் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?
– வாசகர், கோட்டையூர்

சாய்தளத்துக்கு ஒரே கணக்குதான்: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். மூன்றரை அடி என்றால் 42 அங்குலம், ஆக 42 அடி. 30 அடிக்கு மேல் ஒரே ஓட்டமாகப் போகக் கூடாது என்பதால் நடுவே 5 அடிக்கு ஒரு சமதளம். மொத்தம் 47 அடி. முன்வாசலில் இவ்வளவு நீட்டினால் தெருவில்தான் போய் முடியும். இடமில்லை என்று 15 அடியில் செங்குத்தாகக் கட்டியவர்கள் உண்டு. அதில் நாற்காலியை ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இறக்கும்போது கை நழுவினால் ஆள் குப்புற விழுவார். நம் வீடுகள் தெருவுக்குத் தெரு ஓடுபவை, ஆகவே பின்கட்டு வாசலைப் பாருங்கள். அங்கே படி குறைவாக இருந்தால், சுவரை ஒட்டித் திருப்பிக் கட்டவும் இடம் கிடைத்தால், அதுவே வழி. அகலம் குறைந்தது 4 அடி, இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சு.

வீட்டுக்குள் நிலைப்படிதான் பெரிய இடைஞ்சல். 3 அங்குல நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் 3 அடிப் பலகைச் சரிவு போட்டால் போதும், நிலையைச் செதுக்கவே வேண்டாம். கதவில் இரண்டு இலைகளையும் திறந்தால் 32 அங்குலம் இடைவெளி வருகிறதா என்று அளந்து பாருங்கள். வளவு முற்றத்தின் ஓரம் முழுக்க ஒரு மரச்சட்டம் வையுங்கள், சக்கரம் உருண்டு முற்றத்துக்குள் விழாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கத்தை அவர் நடமாடும் பக்கத்தில் மட்டும் நிறுத்திவிடுங்கள். கையைப் பிடித்து நடத்துகிறவரும் சேர்ந்து வழுக்குவார்.

இனிப் படுக்கைப் புண். காற்று மெத்தை வாங்கிவிட்டோம் என்று திருப்பிப் போடுவதை நிறுத்துவதால்தான் பல வீடுகளில் புண் வருகிறது. மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். காற்று மெத்தையைச் சாதாரண மெத்தைக்கு மேல் விரித்து, அதன் மேல் ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்புப் போடுங்கள். ரப்பர் ஷீட், போர்வை, பழைய சேலை என்று அடுக்கினால் காற்று அறைகள் ஏறி இறங்கும் பலன் உடம்புக்குப் போய்ச் சேராது. சரியாக ஊதியிருக்கிறதா என்று பார்க்க, பிட்டத்துக்கு நேராகக் காற்று மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை மேலே பார்க்கவைத்து நுழையுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். கையில் எலும்பு தட்டினால் காற்று போதவில்லை. மின்சாரம் போனால் மெத்தை மெல்ல இறங்கிவிடும், இரவில் இதைக் கவனிக்க ஆள் தேவை.

குதிகாலுக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும், அதுதான் வேண்டும். நடுவே ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தைத் தூக்கிப் போடுங்கள். அது ஓட்டையைச் சுற்றி ரத்த ஓட்டத்தை அடைத்துப் புண்ணைப் பெரிதாக்கும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது. விரலால் அழுத்தி எடுத்த பிறகும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் அதுவே புண்ணின் தொடக்கம், அந்தப் பக்கம் படுக்கவிடாதீர்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வலி நிவாரணச் செவிலியரும் வீட்டுக்கே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பத்தாவின் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.

மகனுக்குப் பதினேழு முடியப்போகிறது. அறிவுசார் குறைபாடு. எங்களுக்குப் பின் அவனை யார் பார்ப்பார்கள் என்பதே கவலை. வீட்டில் எங்கள் பங்கை அவன் பேரில் எழுதிவைத்தால் போதுமா?
– பெற்றோர், தேவகோட்டை

போதாது. முதலில் செய்ய வேண்டியதும் அது அல்ல.

மகனுக்குப் பதினெட்டு முடிந்த அன்றே சட்டப்படி நீங்கள் அவனுடைய காப்பாளர் இல்லை, பெற்றவர்களாக இருந்தாலும் அப்படித்தான். வங்கியில் கையெழுத்துப் பிரச்சினை வரும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் வழி செய்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே காப்பாளரை நியமிக்கும், நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறன் சான்று, வயதுச் சான்று, இருப்பிடச் சான்று, படங்கள் எடுத்து வையுங்கள். உடன்பிறந்தவர்களின் சம்மதக் கடிதமும் இருந்தால் பின்னால் சண்டை வராது. நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்துப் பட்டியலைத் தர வேண்டும். நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கும் தர வேண்டும். இந்த இரண்டையும்தான் எல்லாரும் மறக்கிறார்கள். (மனச்சிதைவு போன்ற மனநோய்கள் இந்தச் சட்டத்தில் வராது.)

அதே தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை இல்லை, வெளிநோயாளிச் செலவும் பயிற்சிச் செலவும் அடக்கம். ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் அறுந்துபோகும். மாநில அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து 2,000 ரூபாய். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் உடனே செய்யுங்கள்.

சொத்து விஷயத்துக்கு வருவோம். பங்காளிகள் பத்துப் பேருக்குப் பாத்தியமான பெரிய வீட்டில் ஒரு பங்கு என்பது பெருமைக்குரியதுதான், ஆனால் அதிலிருந்து மாதச் செலவுக்குப் பணம் வராது. மற்றவர்கள் சம்மதிக்காமல் விற்கவும் முடியாது, மராமத்துக்கு மட்டும் பங்கு கேட்டு ஆள் வரும். மகனுக்கு வேண்டியது மாதாமாதம் வருகிற வருமானம். வைப்புத்தொகையோ வாடகை வரும் சிறு கட்டடமோ ஒதுக்கி, அவனைப் பயனாளியாக வைத்துத் தனியார் அறக்கட்டளை ஒன்றை 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதுங்கள். அசையாச் சொத்து இருந்தால் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பொறுப்பாளர் இரண்டு பேராவது இருக்கட்டும், ஒருவர் உங்களைவிட இருபது வயது இளையவராக இருக்கட்டும். மூத்தவன் பேரில் எல்லாவற்றையும் எழுதி “தம்பியைப் பார்த்துக்கோ” என்று சொல்லிவைப்பது பாசத்தை நம்பிச் செய்வது. மூத்தவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் சொத்து அவன் மனைவி மக்களுக்குப் போகும், தம்பிக்கு அதில் உரிமை இருக்காது.

உங்களில் ஒருவர் அரசுப் பணியில் இருந்தவர் என்றால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறன் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. மகன் பெயரை நீங்கள் இருக்கும்போதே ஓய்வூதிய ஆவணத்தில் ஏற்றிவிடுங்கள். பின்னால் சேர்ப்பது பெரும்பாடு.

எங்கள் ஊர் திருமயம் பக்கம். காரைக்குடிதான் கிட்டே. மாற்றுத்திறன் அடையாள அட்டைக்கு அங்கேயே போகலாமா?
– வாசகி, இராயவரம்

ரேஷன் அட்டை எந்த மாவட்டமோ அந்த மாவட்டத்தில் போய் நிற்பதுதான் நல்லது. உங்களுக்குப் புதுக்கோட்டை. காரைக்குடி சிவகங்கை மாவட்டம். செட்டிநாடு ஒன்றாக இருந்தாலும் ஆட்சியர் அலுவலகம் இரண்டு. இ-சேவை மையத்தில் இணையவழி விண்ணப்பம் போட்டுவிட்டு, மருத்துவ முகாம் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். அட்டை நீலமாக வந்தால் 80 விழுக்காடும் அதற்கு மேலும், மஞ்சள் என்றால் 40 முதல் 80க்குள், வெள்ளை என்றால் 40க்குக் கீழே. பெரும்பாலான சலுகைகள் 40லிருந்துதான் தொடங்கும்.

மலேசியாவில் இருக்கும் அண்ணன் எங்கள் ஊர் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்ப விரும்புகிறார். நேராக அனுப்பலாமா?
– வாசகர், கண்டனூர்

அவர் கையில் இருக்கும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசியக் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அவர் நடத்தும் மலேசிய நிறுவனத்தின் கணக்கிலிருந்து வந்தாலும் அப்படியே. அதைப் பெற அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடைப் பதிவு வேண்டும், பணமும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். “உன் கணக்குக்கு அனுப்புகிறேன், நீ அங்கே கட்டிவிடு” என்ற குறுக்குவழி வேண்டவே வேண்டாம். மாட்டிக்கொள்ளப்போவது ஊர் அறக்கட்டளை. உறவில் ஒருவருக்கு வைத்தியச் செலவு என்றால் அவர் நேராக அந்த உறவினருக்கே அனுப்புவது வேறு விஷயம்.

நன்கொடைக்கு வரிக் கழிவு கிடைக்குமா?
– வாசகர், பள்ளத்தூர்

புதிய வரிமுறையில் இருந்தால் கிடையாது. பழைய முறை என்றால், வரிவிலக்குப் பதிவுள்ள நிறுவனத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசி மூட்டை, துணிமணிக்கும் இல்லை. இல்லம் நடத்துகிறவர்களிடம் வரிப் பதிவைக் கேட்பதோடு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி எடுத்த பதிவுச் சான்றையும் கேளுங்கள். அது இல்லாமல் அப்படி ஓர் இல்லத்தை நடத்தவே கூடாது.

எங்கள் ஊர் நகரத்தார் விடுதியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. கட்டில், வாக்கர், காற்று மெத்தை வாங்கிவைத்து ஊராருக்கு இரவல் கொடுக்கலாம் என்று மகமைப் பணத்தில் (ஊரில் பொதுவுக்கு வசூலித்தது) தீர்மானம் போட்டிருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– இளைஞர்கள், நெற்குப்பை

நல்ல தீர்மானம். கட்டிலை இரண்டோடு நிறுத்துங்கள், அது அறையை அடைத்துக்கொள்ளும். அதிகம் கேட்கப்போவது கம்மோடு நாற்காலி, வாக்கர், காற்று மெத்தை, தள்ளுகிற சக்கர நாற்காலி. ஆக்ஸிஜன் கருவியை இப்போதைக்குத் தொடாதீர்கள். எத்தனை லிட்டர் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும், ஃபில்டர் கழுவ வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது அதிலிருந்து வரும் காற்றில் ஆக்ஸிஜன் அளவைச் சோதிக்க வேண்டும். அதற்கு ஆள் கிடைத்தபிறகு பார்க்கலாம்.

இப்படிப்பட்ட முயற்சிகள் நின்றுபோவது பொருள் திரும்பி வராததால். நோயாளி இறந்த வீட்டில் போய்க் கேட்கக் கூச்சம், அவர்களுக்கோ திருப்பித் தரும் நினைவே இருக்காது. எனவே திருப்பித் தரும் சிறு முன்பணம், மூன்று மாதத் தவணை, தேவைப்பட்டால் நீட்டிப்பு என்று வையுங்கள். ஒவ்வொரு பொருளிலும் பெயிண்டில் எண் எழுதி, பேரேட்டில் வாங்கியவர் பெயரோடு பொறுப்பேற்கும் இன்னொருவர் பெயரையும் எழுதுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்த இன்னொருவரிடம் சொல்லி எடுத்துவரச் சொல்லலாம்.

திரும்பி வந்ததை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் பிளீச் ஊற்றினால் வேலை செய்யாது. பிறகு 5 விழுக்காடு சோடியம் ஹைபோகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் மறுபடி துடையுங்கள். இந்தக் கடைசித் துடைப்பை விட்டால் இரும்புக் கால் துருவேறும், ரெக்சின் வெடிக்கும். கலந்த நீரை அன்றைக்கே கொட்டிவிடுங்கள், மறுநாளுக்கு வீரியம் இருக்காது. வாக்கரின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றாமல் வெளியே அனுப்பாதீர்கள். டஜன் கணக்கில் அந்த ரப்பரை முன்னதாகவே வாங்கி வையுங்கள்.