குடிகார வாயில்காப்போனை விட்டுவிடலாமா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறோம். மகள் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் இயர் டென் (பத்தாம் வகுப்பு மாதிரி) படிக்கிறாள். நாங்கள் சைவர்கள். ஒழுங்காக நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அங்கே சேர்த்தோம். பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வுக்கு ஆங்கில மொழி, ஆங்கில இலக்கியம் என்று இரண்டு பாடம். இலக்கியத்தில் இப்போது ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம் போகிறது. சனிக்கிழமை டியூஷனில் கொடுத்த கட்டுரையை வரி விடாமல் மனப்பாடம் செய்து எழுதினாள். மாக் (மாதிரி) தேர்வில், உச்ச கிரேடு 9 என்றால், 4தான் வந்தது. "இதில் நீ எங்கே?" என்று டீச்சர் ஓரத்தில் எழுதியிருக்கிறார். அந்த நாடகத்தில் ஒரு குடிகார வாயில்காப்போன் வருகிறானாம். டியூஷன் மாஸ்டர் அவனை விட்டுவிடச் சொல்கிறார், பள்ளியிலோ அவனுக்கு மட்டும் இரண்டு வகுப்பு எடுத்தார்களாம். இலக்கியத்தையும் வேதபாடம் ஆக்கிவிடுவார்களோ என்று மனைவிக்குப் பயம். டியூஷனை நிறுத்திவிடலாமா?

ஆர்.எஸ்.

அன்புள்ள ஆர்.எஸ்.,

ஏன் இரண்டு பாடம் என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். மொழித் தேர்வுக்குப் பாடப்புத்தகமே கிடையாது. முன்பின் பார்த்திராத பகுதியைக் கொடுத்து அதன்மேல் கேள்வி கேட்பார்கள், அப்புறம் சொந்தமாக எழுதச் சொல்வார்கள். அந்தச் சொந்த எழுத்துக்கே பாதி மதிப்பெண். இதற்கு டியூஷன் மாஸ்டர் எதை மனப்பாடம் செய்ய வைக்கிறார் என்று எனக்கு நிஜமாகவே புரிவதில்லை. இலக்கியத்தில் ஒரு ஷேக்ஸ்பியர், 19ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்று, 1914க்குப் பிந்தைய கதையோ நாடகமோ ஒன்று, கவிதைகள். 2017 முதல் நடக்கும் புதிய தேர்வில் புத்தகத்தை உள்ளே கொண்டுபோக முடியாது. மனப்பாட வியாபாரம் சூடுபிடித்தது அதனால்தான்.

ஏக்யூஏ என்னும் தேர்வு வாரியத்தின் தாளில் மேக்பெத் கேள்விக்கு 30 மதிப்பெண், எழுத்துப்பிழை, நிறுத்தக்குறிக்குத் தனியாக 4. அந்த 30இல் வரலாற்றுப் பின்னணிக்கு வெறும் 6. டியூஷன் கட்டுரைகளைப் பாருங்கள், அந்தக் காலத்து ஜேம்ஸ் அரசருக்குச் சூனியக்காரிகள் மேல் இருந்த பயமே ஒரு பக்கம் ஓடும்.

சரி, வாயில்காப்போனுக்கு வருகிறேன். நான் சில வருஷம் இங்கே ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருந்தேன். ஒருநாள் ஆங்கில டீச்சர் விளக்கை அணைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் விரலை மடக்கி மேசையைத் தட்டினார். டக், டக், டக். ராஜாவைக் கொன்றுவிட்டு ரத்தக் கையோடு நிற்கிறான் மேக்பெத், யாரோ கோட்டைக் கதவைத் தட்டுகிறார்கள். பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் அடங்கிவிட்டார்கள். அந்தத் தட்டலைக் கேட்டுத்தான் போதையில் தள்ளாடியபடி இவன் வருகிறான். தன்னை நரகத்தின் வாசல்காரனாகப் பாவித்து, ஒவ்வொருவராக உள்ளே அழைக்கிறான். அதில் ஒருவன் 'ஈக்விவொகேட்டர்', அதாவது இரட்டை அர்த்தத்தில் பேசி நழுவுகிறவன். கடவுள் பெயரால் துரோகம் செய்தவன், ஆனாலும் வார்த்தை ஜாலத்தால் சொர்க்கத்துக்குள் நுழைய முடியாதவன் என்று நக்கலடிக்கிறான்.

யார் அவன்? ஹென்றி கார்னெட் என்னும் சேசு சபைக் குருவை மனதில் வைத்து எழுதியது என்பது அறிஞர்கள் பலரும் சொல்வது. நீங்கள் வருஷாவருஷம் நவம்பர் 5 அன்று வாணவேடிக்கை பார்க்கிறீர்களே, அதே 1605 வெடிமருந்துச் சதி (அரசரையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்கக் கத்தோலிக்கர் சிலர் போட்ட திட்டம்) வழக்கில் 1606 மே மாதம் தூக்கிலிடப்பட்டவர். சதி பற்றிய விவரம் அவருக்குப் பாவசங்கீர்த்தனம் (பாவங்களைக் குருவிடம் ரகசியமாக ஒப்புக்கொள்வது) வழியாகத் தெரியவந்தது. அதை வெளியே சொல்வது குருவுக்குத் தகாது. விசாரணையில் பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் நழுவும் பேச்சை நியாயப்படுத்தி ஒரு நூலும் எழுதியிருந்தார். தலைமறைவில் அவர் வைத்துக்கொண்ட பெயர்களில் ஒன்று 'ஃபார்மர்' (விவசாயி). வாயில்காப்போன் முதலில் உள்ளே விடுவதும் தூக்கில் தொங்கிய ஒரு ஃபார்மரைத்தான்!

இப்போது உங்கள் மகளின் பள்ளியை நினைத்துப் பாருங்கள். இங்குள்ள கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றுக்கும் அவற்றின் மாணவர் பிரிவுகளான ஹவுஸ்களுக்கும் கேம்பியன், மோர், ஃபிஷர் என்று பெயர் இருக்கும். மூவருமே அரசாணையால் கொல்லப்பட்ட கத்தோலிக்கர்கள். அந்தப் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்ட பிள்ளைகள், அதே வகைக் குரு ஒருவரைக் கேலி செய்யும் காட்சியைப் படிக்கிறார்கள். டீச்சர் அதைத் தாண்டிப் போகாமல் இரண்டு வகுப்பு எடுத்திருக்கிறார். இதை உங்கள் மனைவி மதபோதனை என்று பயப்படுகிறார், எனக்கு நேர்மையான பாடமாகத்தான் தெரிகிறது. வேதபாடத்துக்குத் தனியாக நேரம் இருக்கிறது. மொத்தப் பாடவேளையில் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பது ஆயர்களின் விதி. ஆங்கிலத் தாளைத் திருத்துகிறவர்களோ வெளியாட்கள், மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதே தாள்தான்.

கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர் எழுதினால் ஜபம்தான் வரும் என்றில்லை. அயர்லாந்துக் கவிஞர் சீமஸ் ஹீனி 1951இல் உதவித்தொகையில் டெர்ரி நகரத்துப் புனித கொலம்ப் கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் சேர்ந்தவர். அவருடைய 'ஸ்டார்ம் ஆன் தி ஐலண்ட்' ஏக்யூஏ கவிதைத் தொகுப்பில் இருக்கிறது. புயலை எதிர்பார்த்துத் தீவில் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கவிதை, ஜபம் எதுவும் இல்லை. ஆனால் ஆங்கிலத் தலைப்பின் முதல் எட்டு எழுத்துகளைச் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். வட அயர்லாந்தின் நாடாளுமன்றம் இருந்த 'ஸ்டார்மான்ட்' கிடைக்கும்.

மகளுக்கு உதவ ஷேக்ஸ்பியர் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். 'ஈக்விவொகேஷன்' என்றால் என்ன என்று அவளுக்கு உங்களைவிட நன்றாகச் சொல்ல டியூஷனால் முடியாது. துரோணரிடம் "அசுவத்தாமன் இறந்தான்" என்று உரக்கச் சொல்லி, "யானை" என்பதை வாய்க்குள் முணுமுணுத்த தருமனின் கதையைச் சொல்லுங்கள். அடுத்து இரணியன் வாங்கிய வரம்: பகலிலும் சாவில்லை, இரவிலும் சாவில்லை; உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. பெண் வயிற்றில் பிறந்தவன் யாராலும் உனக்கு ஆபத்தில்லை என்று சூனியக்காரிகள் காட்டும் உருவம் மேக்பெத்துக்குச் சொல்வதும் இந்த மாதிரி ஓட்டை விட்ட வரம்தான் (அவனைக் கொல்கிறவன் தாய் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன்). காடு நகர்ந்து வரும்வரை தோல்வியில்லை என்பது இன்னொரு வரம். கடைசி அங்கத்தில் காடு நகர்ந்து வருகிறது என்று கேட்டதும், உண்மைபோலப் பொய் பேசும் பேயின் ஈக்விவொகேஷன் இது என்று மேக்பெத்தே சந்தேகப்படுகிறான். குடிகாரன் போதையில் உளறிய அதே சொல்! இதை அவளே கண்டுபிடித்து நாலு வரி எழுதினால், "நீ எங்கே?" என்ற டீச்சரின் கேள்விக்குப் பதில் வந்துவிடும். தருமனைத் தேர்வுத்தாளில் எழுத வேண்டாம், அதற்கு மதிப்பெண் இல்லை.

டியூஷனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்துக்கு நிறுத்திவிடுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு காட்சியை அவள் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் வாயில்காப்போனாக நடியுங்கள். கணக்கு டியூஷன் விஷயத்தை உங்கள் மனைவியிடம் பேசிக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடவில்லை.