வெங்காயத்தில் மியாசிஸ் (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு) முதல் பிரிவு முடிந்ததும் ஒரு செல்லில் குரோமோசோம் 8-ஆ, 16-ஆ?

8 தான் சரி. வெங்காயச் செல்லில் 16 குரோமோசோம், முதல் பிரிவு முடிந்த பிறகும் உங்களுக்குத் திரும்ப 16 வருகிறது என்றால் அநேகமாக குரோமாட்டிட்களை (ஒரு குரோமோசோமில் ஒட்டியிருக்கும் இரண்டு நகல்களை) எண்ணுகிறீர்கள். அந்த 8-ல் ஒவ்வொன்றும் இன்னும் இரட்டையாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். சென்ட்ரோமியர், அதாவது அந்த இரண்டும் ஒட்டியிருக்கும் இடம், எத்தனையோ அத்தனைதான் குரோமோசோம்.

மைட்டாசிஸில் (சாதாரண செல் பிரிவில்) 16-ம் தனித்தனியாக நடுவில் வரிசைகட்டி, சென்ட்ரோமியர் பிளந்து, இரண்டு பக்கமும் 16 போகும். மியாசிஸ் முதல் பிரிவில் பிளப்பதே இல்லை. அம்மா வழி ஒன்றும் அப்பா வழி ஒன்றும் ஜோடியாக நின்று, அந்த ஜோடிதான் பிரிகிறது. பிளப்பது இரண்டாவது பிரிவில், அது கிட்டத்தட்ட மைட்டாசிஸ் மாதிரியேதான்.

சந்தேகமா? சிவப்பு நூல் இரண்டைச் சேர்த்து நடுவில் ஒரு முடிச்சு, நீல நூலிலும் அப்படியே. மேசையில் ஜோடியாக வைத்து விலக்கிவிட்டு, முடிச்சை (அதுதான் சென்ட்ரோமியர்) மட்டும் எண்ணுங்கள்.

ஒன்று கவனம்: மைட்டாசிஸ் அனாஃபேஸ் (பிளந்தவை இரண்டு பக்கமும் நகரும் கட்டம்) நடுவில் எத்தனை என்று கேட்டால் 32, செல் இன்னும் இரண்டாகவில்லையே. அப்புறம், லேபில் வேர்நுனியில் மியாசிஸைத் தேடாதீர்கள், அதற்குப் பூமொட்டின் மகரந்தப்பை வேண்டும்.